உங்கள் தேநீரில் எந்த ஊர் மணக்கிறது?

பிரிக்பீல்ட்ஸில் ஏதாவதொரு கடையில் உட்கார்ந்து ஒரு ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. இரண்டு மிடறு குடித்ததும் வாய் உலர்ந்து நாக்கு சுருங்குவதுபோல் இருக்கும். அதுதான் துவர்ப்பு. தேயிலையில் உள்ள பாலிபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்புக் குறைகிறது. தே தாரேக்கில் இது அவ்வளவாகத் தெரியாது. பாலில் உள்ள புரதம் முந்திக்கொண்டு பாலிபீனால்களைப் பிடித்துவிடும். ஆகவே, மாணவர்களே, தேயிலையின் உண்மையான ருசியை அறியப் பாலைத் தள்ளி வைக்க வேண்டும்.

கேமரன் மலைத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே தாவர இனத்தின் இலைதான். பிறகு ஏன் ருசி வேறுபடுகிறது?

பிரான்ஸ் நாட்டின் போர்தோ வட்டாரத்தில் திராட்சை வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு விடை உண்டு. சரளைக்கல் நிலம் வெப்பத்தைத் தேக்கி வைக்கும், நீரை வடியவிடும். அங்கே தாமதமாகப் பழுக்கும் திராட்சையை நடுகிறார்கள். குளிர்ந்த களிமண்ணில் முந்திப் பழுக்கும் வகையை நடுகிறார்கள். மண்ணும் வானிலையும் சேர்ந்து தரும் இந்தத் தனித்தன்மையை ‘தெருவார்’ என்பார்கள். தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மரம், பூ, உணவு எல்லாவற்றையும் கருப்பொருளாக அடுத்து வைத்தது தொல்காப்பியம்.

முதலில் நிலம். தேயிலைக்கு அமில மண் வேண்டும். பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. இத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து பல பயிர்களின் வேரைக் கெடுத்துவிடும். தேயிலையோ அதை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது! கருங்கல் சிதைந்து உருவான கேமரன் மலையின் அமில மண், மழைநீர் தேங்காத சரிவு, இரண்டும் அதற்குப் பிடித்தவை.

அடுத்து உயரம். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6 பாகை செல்சியஸ் குறையும். கோலாலம்பூரின் சராசரி 27 பாகை. 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தாவில் சுமார் 18. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. தியனின் என்ற அமினோ அமிலம் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது சிதைந்து, துவர்ப்புத் தரும் கேட்டகின்கள் உருவாகப் பயன்படுகிறது. மேகம் மூடிய மலையில் இந்த மாற்றம் குறையும்.

மலைக்குப் போகாமலும் தேயிலை வளரும். 1929இல் கேமரன் மலையில் தொடங்கிய போ நிறுவனம், கிள்ளானுக்குத் தெற்கே கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள புக்கிட் சீடிங்கிலும் தேயிலை பயிரிட்டது. அங்கே கொழுந்து விரைவாகத் துளிர்க்கும். இலங்கையில் இதற்குத் தனிக் கணக்கே உண்டு: ஏறத்தாழ 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 1,200க்கு மேல் மேட்டுநிலத் தேயிலை. பொதுவாக முன்னது கருஞ்சிவப்பாய்க் கனமாக இருக்கும். பின்னது வெளிர்நிறம், மணம் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஊவாவின் கதை. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கை மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் உலர்ந்து இறங்குகிறது. கச்சான் என்று கிழக்கிலங்கைத் தமிழர் சொல்லும் காற்றும் இதே வழியில் பிறப்பதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றில் ஊவாவின் செடிகள் வாடுகின்றன. வறட்சி, பூச்சிக்கடி போன்ற நெருக்கடிகளில் தாவரங்கள் சில வாசப்பொருள்களைச் சுரக்கும். அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். சுளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தின் அதே வாசம்! ஊவாத் தேநீரின் புகழ்பெற்ற மணத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பருவத்தில் பறிக்கும் கொழுந்துக்குச் சந்தையில் தனி மதிப்பு. ஆனால் காற்று வரவேண்டிய வாரங்களில் மழை பெய்தால் அந்த மணம் வராது. தொழிற்சாலையில் அதைச் சேர்க்க வழியில்லை. அங்கே கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்களுக்கும் காலநிலை மாற்றம் என்பது நாளிதழ்ச் செய்தி மட்டுமல்ல.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். கேமரன் மலைத் தூள் ஒன்று, ‘ஊவா’ என்று பெட்டியில் எழுதிய இலங்கைத் தூள் ஒன்று. தேநீர் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே ஊறவைத்து வடிகட்டுங்கள். முதலில் நிறம், பிறகு மணம், கடைசியில் துவர்ப்பு. கோப்பைகளின் அடியில் பெயரை ஒட்டி, எது எது என்று தெரியாமல் அம்மாவையும் குடிக்கச் சொல்லுங்கள்.