காய்ச்சல் விட்ட பிறகும் தாகம் தீரவில்லையா?

வைரஸ் காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால், "காய்ச்சல் கண்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். எப்போதோ நின்றுபோன பழக்கம் திரும்பி, இரவில் படுக்கையை நனைத்தால் திட்டுகிறோம். திட்ட வேண்டாம். அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிடம் போதும்.

1979-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வறிக்கை மருத்துவ உலகை உலுக்கியது. சளிக்காய்ச்சல் போல உடம்புக்கு வந்த 10 வயதுச் சிறுவன், சர்க்கரை எகிறி சில நாட்களில் இறந்துவிட்டான். அவனுடைய கணையத்திலிருந்து காக்சாக்கி பி4 என்ற வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் சர்க்கரை ஏறியது.

காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. முதல் வகை சர்க்கரை நோயில், இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. பெரும்பாலும் அந்த அழிவு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடந்திருக்கும். காய்ச்சல் அதை வெளியே கொண்டுவந்துவிடும். வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு, மூச்சில் பழவாடை என்றால் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காய்ச்சலுக்குப் பின் சர்க்கரை ஏறுவது பெரியவர்களுக்கும் உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. கொரோனா வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 40 சதவீதம் கூடுதல் என்றது. சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தாலும் சர்க்கரை ஏறும். மருந்து நின்றபின் பலருக்கு இறங்கிவிடும். முந்தைய மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்தால், நோய் புதிதா பழையதா என்று ஓரளவு தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்பதையும் மருத்துவர் அறிய வேண்டும். ஆகவே காய்ச்சலுக்குப் பெற்ற சிகிச்சையின் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். சிபிஎஸ்இ தேர்வறைக்குள் முதல் வகை நோயுள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக 2017 முதல் அனுமதி உண்டு.

இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கும். குணமாகிவிட்டது என்று பெற்றோர் மகிழும் நேரம் அது. கஷாயமும் பொடியும் வீடு தேடி வரும் நேரமும் அதுதான். மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்திவிடாதீர்கள்.