சீருடைக்குப் பின்னால் – 14: கையெழுத்துப் போடும் கை

மேலூர் பக்கத்துக் கண்மாய்க் கரை ஒன்றில் விடிவதற்கு முன்பே பையன்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். அப்புறம் இருபது முறை உட்கார்ந்து எழுந்திருத்தல், பதினைந்து தண்டால். கடற்படை அக்னிவீர் ஆட்சேர்ப்பின் உடல்திறன் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். மூச்சு வாங்க நின்ற ஒருவனிடம், "நேவியில என்ன வேலை பாக்கணும் தம்பி?" என்று கேட்டேன். "கப்பல்லதான் சார்" என்றான். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

கடற்படைக்கு விமானங்கள் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அந்த விமானங்கள் அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பறக்கின்றன. மதுரையில் ராமேசுவரம் ரயில் ஏறினால் ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி. அங்கே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தைக் கடற்படை 1982-இல் எடுத்துக்கொண்டது. 2009-இல் அது முழு அளவிலான தளமாகி இந்தப் பெயரைப் பெற்றது. 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்றும் அங்கு வந்தது. வடக்கே அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிச் செல்லும் பி-8ஐ விமானங்களின் வீடுகளில் ஒன்று. வானில் ஒரு விமானம் போக, தரையில் ஒரு கூட்டமே கிரீஸ் கையோடு நிற்க வேண்டும். இந்த வாரம் அந்தக் கூட்டத்தைப் பற்றி.

கரையில் ஓடும் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் கடற்படையில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன்கள் 'மாஸ்டர்' என்கிறார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு பலகை. அதில் வரிசையாகத் தலையில் துளையிட்ட போல்ட்டுகள், பக்கத்தில் மெல்லிய கம்பிச் சுருள். லாக்கிங் வயர் என்பார்கள். இரண்டு போல்ட்டுகளை இந்தக் கம்பியால் பிணைத்து முறுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு. குறைந்தால் தளர்ந்து ஆடும்; கூடினால் கம்பி சோர்ந்து அறுந்துபோகும்.

"எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாருங்க சார். போல்ட் கழல நினைச்சா இந்தக் கம்பி அதை இறுக்கணும். திசை மாறிப் போச்சுன்னா கம்பியே அதைக் கழட்டி விட்டுரும்" என்றார் மாஸ்டர்.

நானும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய துண்டைத் தரையில் போடாமல் டப்பாவில் போட்டார். அந்தப் பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. ஹேங்கரில் ஒரு துண்டுக் கம்பி காணாமல் போனாலும், ஸ்பேனர் ஒன்று எண்ணிக்கையில் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்காது. கடலோரத் தளத்தில் இன்னொரு எதிரி உப்பு. கடல்மேல் தாழப் பறந்து திரும்பும் ஹெலிகாப்டரை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால், அலுமினியத்துக்குள் வெள்ளைப் பொடியாக அரிப்பு ஏறிவிடும்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் வழி நீளமானது. முதலில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்கா. அக்னிவீர்களுக்கு அங்கே 16 வாரம் மாலுமிக்கான அடிப்படைப் பயிற்சி. யாருக்கு எந்தப் பிரிவு என்பதைக் கடற்படைதான் ஒதுக்கும். விமானத் தொழில்நுட்பப் பிரிவு கிடைத்தவர்கள் கொச்சிக்குப் போவார்கள். கடற்படை விமானத் தொழில்நுட்பக் கழகம் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின், மின்சாரம், ஆயுதம் என்று வகுப்புகள் பிரியும். அதற்குப் பிறகுதான் தளம், ஹேங்கர், உண்மையான விமானம்.

நிரந்தரப் பணிக்கு வருபவர்களுக்குப் பதவி ஏணி தொடங்கும். சீமேன், லீடிங், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர், அதற்கு மேல் மாஸ்டர் சீஃப் இரண்டு படிகள். ஒவ்வொரு படிக்கும் தேர்வு, பணிக்காலம், மேலதிகாரியின் மதிப்பீடு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சம்பள உயர்வாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு இது கையெழுத்து. வேலையைச் செய்தவர் பதிவேட்டில் ஒப்பமிடுவார். அதை மேற்பார்த்தவர் அடுத்த ஒப்பமிடுவார். உயிர்நாடியான இடங்களை வேறொருவர் தனியாகச் சோதித்துக் கையெழுத்திடுவார். விமானி அதை நம்பித்தான் ஏறுகிறார்.

2023 நவம்பர் 4 அன்று கொச்சி ஐ.என்.எஸ். கருடா தளத்தில், பராமரிப்புக்குப் பிந்தைய தரைச் சோதனையில் இருந்த சேத்தக் ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகித் தரைப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். லீடிங் ஏர் மெக்கானிக் பதவியில் இருந்தவர். ஹெலிகாப்டர் பறக்கக்கூட இல்லை. கீழே நிற்கிறவன் பத்திரமாக இருக்கிறான் என்று நினைக்கும் எல்லோரும் அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் கவலைக்கு வருகிறேன். 2022 ஜூனில் அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்படும் வரை, பிளஸ் டூ முடித்து ஆர்டிபிசர் (தொழில்நுட்ப மாலுமி) பயிற்சியாளராகச் சேர்பவருக்கு 20 ஆண்டுப் பணி உறுதி. இப்போது நான்கு ஆண்டு. 208 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்காவில் 16 போனது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு, அதில் 17 வாரம் போனது. மிச்சம் 175 வாரம். கொச்சி வகுப்பையும் அதற்குள்தான் அடக்க வேண்டும். கை பதமாகி, மேற்பார்வையாளர் இவனை நம்பித் தனியே விடத் தொடங்கும் நேரத்தில் நான்கில் மூன்று பேர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது அதிகபட்சம் 25 விழுக்காடு. கடற்படையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிப் பணியிடங்கள் காலி என்று 2023-இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. காலியிடங்களையும் வைத்துக்கொண்டு, தேறிய கைகளையும் அனுப்பிவைப்பது எனக்குப் புரியவில்லை. துப்பாக்கி ஏந்துகிறவருக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்கிறவருக்கும் ஒரே விழுக்காடு வைத்தது தவறு. விமானத் தொழில்நுட்பப் பிரிவுக்காவது அதை உயர்த்த வேண்டும். 2022 இறுதியில் சில்காவில் நுழைந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு முடிகிறது. 

வெளியே வருபவர் கையில் பத்து லட்சம் ரூபாயும் வட்டியும் இருக்கும். தொழிலுக்கான உரிமம் இருக்காது. சிவில் விமானப் பராமரிப்பு எஞ்சினியர் உரிமத்தை சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. தனித் தேர்வுகள் வைத்துத்தான் கொடுக்கிறது. படை அனுபவத்தை விதி அடியோடு தள்ளுவதில்லை. அதற்கு மேல் சிவில் விமானங்களில் அனுபவமும் கேட்கிறது. மதுரை பெருங்குடி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தாலும், ஒரு விமானத்துக்குக் கையெழுத்திட இவர் அந்தத் தேர்வுகளை எழுதி, சிவில் அனுபவமும் சேர்க்க வேண்டும்.

நுழைவுத் தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூறு கேள்வி, ஒரு மணி நேரம், தவறுக்குக் கால் மதிப்பெண் குறைப்பு. கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தரைப்படை 2025-இல் தன் பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்தியது. அதே அரசின் கடற்படைக்கு அது ஏன் முடியாது? உசிலம்பட்டியில் தமிழ் வழியில் இயற்பியல் படித்தவனுக்கு நியூட்டனின் விதி தெரியும். அந்த ஆங்கில வாக்கியம்தான் தட்டுகிறது.

பெற்றோர்கள் கவனிக்க ஒரு செய்தி. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற பாடங்களில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குச் சீருடை இல்லாத வேறொரு கதவு இருக்கிறது. கொச்சியிலும் கோவாவிலும் உள்ள கடற்படை விமானப் பட்டறைகள் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. மதுரை புதூர் ஐ.டி.ஐ.யில் அரம் பிடித்துப் பழகியவனுக்கு அந்தப் பட்டறை அந்நியமாக இருக்காது.

கிளம்பும்போது, காலையில் "கப்பல்லதான்" என்று சொன்ன பையன் திண்ணையில் உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். மாஸ்டர் குனிந்து பார்த்து, விரல் நகத்தை வைத்து எண்ணினார். "அஞ்சுதான் இருக்குடா. வெட்டு." அவன் வெட்டினான். துண்டை டப்பாவில் போட்டுவிட்டு, சுருளிலிருந்து புதுக் கம்பி இழுத்தான்.

(தொடரும்)