உங்களுக்குத் தெரியுமா? மித்ராவின் எளிய அடியார்கள்

▪ கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசு முழுக்கப் பரவியிருந்தது மித்ரா என்ற கடவுளின் வழிபாடு. ஆனால் அதன் அடியார்கள் எழுதிவைத்த வேதமோ புராணமோ எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கல்வெட்டு, சுவர்க் கிறுக்கல், சமையல் கழிவு போன்றவைதான் அவர்களைப் பற்றிப் பேசுகின்றன.

▪ யார் அவர்கள்? படைவீரர்கள், சிறு வணிகர்கள், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள். இன்றைய ஸ்லோவேனியாவின் ப்டூய் நகரில் இருந்த மித்ரா கோயிலில் பலிபீடங்களை நிறுவியவர்கள், சுங்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்த அடிமைகள்! பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

▪ கோயில் என்றால் கோபுரம் இல்லை. குகை போன்ற இருண்ட சிற்றறை. இரு பக்கமும் நீண்ட திண்ணைகள். முப்பது நாற்பது பேர் அவற்றில் சாய்ந்தபடி சேர்ந்து உண்டார்கள்.

▪ அடியார்களுக்கு ஏழு படிநிலைகள்: காகம், மணமகன், வீரன், சிங்கம், பாரசீகன், சூரியனின் தூதன், தந்தை. சிங்க நிலையை அடைபவரின் கையில் தண்ணீர் ஊற்றமாட்டார்கள், தேன்தான். சிங்கம் நெருப்பின் இனம். நெருப்புக்கு நீர் பகை அல்லவா!

▪ ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் அருகே விருனும் என்ற ரோம நகரம் இருந்தது. அங்கே கிடைத்த வெண்கலத் தகடு மனத்தைப் பிசைகிறது. இடிந்த கோயிலைச் சொந்தச் செலவில் மீண்டும் கட்டிய 34 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் இறப்புக் குறி. அந்த மரணங்களுக்காக 184 ஜூன் 26 அன்று எல்லோரும் கூடியிருக்கிறார்கள். அப்போது பேரரசை உலுக்கிய கொள்ளைநோயே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனாலும் சங்கம் கலையவில்லை. ஆண்டுதோறும் புதியவர்கள் சேர, 201 வரை தகட்டில் ஏறிய பெயர்கள் 98. அரசர்களின் வெற்றித் தூண்களைவிட இந்தப் பெயர்ப் பட்டியல்தான் ரோமப் பேரரசின் மக்களை நமக்கு நெருக்கமாக்குகிறது.

▪ பெல்ஜியத்தின் டீனன் நகரில், மித்ரா கோயிலை ஒட்டிய குழிகளில் ஒரே விருந்தின் மிச்சங்கள் கிடைத்தன. 280-க்கும் மேற்பட்ட கோழிகள், பெரும்பாலும் சேவல்கள். கூடவே ஆட்டுக்குட்டிகள், பன்றிக்குட்டிகள். குட்டிகளின் வயதைக் கணக்கிட்டு, விருந்து நடந்தது ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம் என்கிறார்கள். இவ்வளவையும் உண்ணத் தேவையான அளவு ஆட்கள் அந்தச் சிறிய கோயிலுக்குள் உட்கார வழியே இல்லை. அன்றைக்கு வெளியே பந்தி போட்டு, அக்கம்பக்கத்தாருக்கும் பரிமாறியிருக்க வேண்டும். உள்ளே இடம் மறுக்கப்பட்ட பெண்களும் அதில் உண்டிருக்கலாம்.