பொய்க்கும் ஒரு கணக்கு

போக்கர் கற்க வருபவர்கள் முதலில் எந்தக் கை பெரியது என்று மனப்பாடம் செய்வார்கள். அந்த வரிசை முழுக்க ஒரு கை எவ்வளவு அரிது என்பதை வைத்துப் போடப்பட்டது. 52 சீட்டிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து ஐந்தும் ஒரே இனத்தில் அமைவது நான்கே விதம். இதையெல்லாம் ஒரு மாலையில் கற்றுவிடலாம். கடினமான பாடம் பொய் சொல்வது.

கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் ஏற்றுவதை ‘பிளஃப்’ என்பார்கள். அது கல்லுமுகக்காரர்களின் திறமை என்று சினிமா நம்மை நம்பவைத்துவிட்டது. ஹரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1950இல் முகத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அவருடைய குட்டிப் போக்கரில் மூன்றே சீட்டு: ராஜா, ராணி, ஜாக். இருவர் ஆளுக்கு ஒரு ரூபாய் நடுவில் வைத்து, ஆளுக்கொரு சீட்டு எடுக்கிறார்கள். முதல் ஆள் பந்தயம் கட்டாமல் விட்டார் என்று வையுங்கள். இப்போது நீங்கள் இன்னொரு ரூபாய் போடலாம். போட்டால், அவரும் ஒரு ரூபாய் போட்டுச் சீட்டைத் திறக்கச் சொல்லலாம், இல்லையேல் ஒதுங்கிவிடலாம்.

ராஜா இருந்தால் போடுவீர்கள். எதனிடமும் தோற்கும் ஜாக் இருந்தால்? அப்போது போடவே மாட்டீர்கள் என்றால், நீங்கள் போட்டதுமே ராஜா என்று புரிந்துகொண்டு ராணிக்காரர் ஒதுங்கிவிடுவார். எப்போதும் போட்டால், துணிந்து திறக்கச் சொல்லிச் சம்பாதிப்பார். சரியான அளவு, ஜாக் வரும்போது மூன்றில் ஒரு தடவை. அப்படி ஆடினால் அவர் எதிர்கொள்ளும் நான்கு பந்தயங்களில் மூன்று ராஜா, ஒன்று ஜாக். திறந்து பார்த்தால் மூன்று முறை ஒரு ரூபாய் வீதம் போகும், ஒரு முறை நடுவிலிருக்கும் 3 ரூபாய் வரும். திறந்தாலும் ஒதுங்கினாலும் அவருக்கு ஒன்றுதான்! எந்தத் தடவை பொய் என்பதைப் பகடையிடம் விட்டுவிடுவது உத்தமம். ஒன்றோ இரண்டோ விழுந்தால் போடுங்கள்.

2017இல் பிட்ஸ்பர்க்கில் ‘லிப்ரேட்டஸ்’ என்ற கணினி நிரல், 1,20,000 கை ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. எதிராளியின் கைநடுக்கத்தைப் பார்க்க அதற்குக் கண்ணே கிடையாது. இதே வகைக் கணக்கைப் பெரிய அளவில் போட்டது, அவ்வளவுதான்.

கூனின் ஆட்டத்தில் இருவரும் பிழையின்றி ஆடினாலும், முதலில் பேசுபவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1/18 ரூபாய், அதாவது ஐந்தரைப் பைசா இழப்பார். பெரிய போக்கரிலும் கடைசியில் பேசுபவருக்கே ஆதாயம். சந்தேகமிருந்தால் மூன்று சீட்டும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்து உட்காருங்கள். காசு மட்டும் வேண்டாம்.