பருப்பு விளையும் ஊர்களுக்கு ஒரு மெதுவான பயணம்

எங்கட வீட்டில் நீண்ட பயணம் என்றால் ஒன்றுதான்: மெல்பேர்ணிலிருந்து சிட்னி. அப்பா இரவு வேலை முடிந்து வந்து மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டு, விடியப்புறம் நாலு மணிக்குக் காரை எடுப்பார். பின் சீட்டில் நாங்கள் மூன்று பேர். காலடியில் இடியப்பப் பொதி, சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி. வழியில் இரண்டு இடத்தில் நிற்பார், அதுவும் பெற்றோலுக்கு. ஹெலன்ஸ்பேர்க் பெருமாள் கோயிலில் ஒரு அர்ச்சனை, பெரியம்மா வீட்டில் இரண்டு நாள், பிறகு வந்த வழியே திரும்பல். இடையில் கிடந்த ஊர்கள் எல்லாம் எங்களுக்குப் பச்சைப் பலகையில் எழுதிய பெயர்கள். "அங்க என்ன கிடக்கு பார்க்க?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குள் கொஞ்சம் பயமும் இருந்தது என்று இப்போது விளங்குகிறது. தெரியாத ஊர், வெள்ளைக்காரர் மட்டும் இருக்கிற பப், ஆங்கிலம் தடுமாறினால் யார் என்ன சொல்வார்களோ என்ற யோசனை. நான் இங்கே வளர்ந்தவன், கதைக்கிற ஆங்கிலத்தில் குறை இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வயது வரைக்கும் பல்லரட் தாண்டி மேற்கே ஒரு நாளும் போனதில்லை. அப்பாவின் பயம் எனக்கும் சொத்தாக வந்திருக்கு என்று நினைக்கிறேன்.

போன வருடம் போனோம். காரணம் ஒரு வேலைக் கடிதம்.

யூனிவர்சிட்டிக் காலத்து நண்பன் ஒருத்தன், அவன் மனைவி டொக்டர். மெல்பேர்ணிலிருந்து 300 கிலோமீற்றர் தள்ளி, விம்மரா பகுதியில் இருக்கிற ஹோர்ஷம் ரவுணில் அவளுக்கு இரண்டு வருட வேலை ஒன்று வந்தது. நல்ல வேலை. வீடும் மலிவு. பிள்ளைகள் இரண்டு பேர், ஏழு வயது, நாலு வயது. "ஒருக்கா போய்ப் பார்ப்பம். நீங்களும் வாங்கோ, தனிய போனா நாங்க ரெண்டு பேரும் சண்டைதான் பிடிப்பம்" என்றான். மூன்று குடும்பம், மூன்று கார், ஆறு பிள்ளைகள். ஃபூட்டி கிராண்ட் ஃபைனல் வாரம், வெள்ளி அரச விடுமுறை, திங்கள் லீவு எடுத்தோம். பள்ளிக்கூடமும் விடுமுறைதான்.

நான் மென்பொருள் பொறியாளன், ஆகவே முதலில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். எத்தனை மணிக்கு எந்த ஊர், எங்கே மதியச் சாப்பாடு, எங்கே கழிவறை. பல்லரட்டில் கடைக்குட்டி சத்தி எடுத்ததோடு அந்த ஸ்ப்ரெட்ஷீட் செத்துப்போச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்.

முதல் நிறுத்தம் அராரட். அவுஸ்திரேலியாவில் சீனர்கள் தொடக்கிவைத்த ஒரே நகரம் இது. 1855இல் விக்ரோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண் தலைவரி போட்டது. அதைத் தவிர்க்க அவர்கள் தெற்கு அவுஸ்திரேலியாவில் ரோப் என்ற துறையில் இறங்கி, தங்க வயல்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்து வந்தார்கள். 1857இல் அப்படி நடந்து வந்த கூட்டம் ஒன்று வழியில் தண்ணீருக்கு நின்ற இடத்தில்தான் தங்கம் கிடைத்தது. கும் சான் என்ற அருங்காட்சியகம் அந்தக் கதையைச் சொல்கிறது. என்ர மகளுக்கு ஒன்பது வயது. "அப்பா, வரி கட்டாம இருக்கவா நடந்தவை?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப அவை கெட்ட ஆக்களா?" நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். வேறு வழியாக வந்து இறங்கிய ஆட்கள் எங்கட சொந்தத்துக்குள்ளும் இருக்கிறார்கள் என்பதை அவளிடம் சொன்னதும் அன்றைக்குத்தான்.

ஹோர்ஷமில் மூன்று இரவு தங்கினோம். நண்பனின் மனைவி வீதி வீதியாக நடந்து பள்ளிக்கூடம், நூலகம், நீச்சல் குளம் என்று பார்த்தாள். நாங்கள் மற்றவர்கள் ஆற்றங்கரையில் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு வெறுமனே இருந்தோம். வெறுமனே இருக்கிறது எங்கள் தலைமுறைக்கும் பழக்கமில்லாத காரியம் என்று அங்கேதான் தெரிந்தது. கணக்காளர் நண்பன் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் போனை எடுத்தான்.

சனிக்கிழமை வடக்கே போனோம். இந்தப் பக்கத்து ரோட்டுகள் அளவுகோல் வைத்துக் கீறினது போல நேர். இரண்டு பக்கமும் கனோலா, கடைசிக் கட்ட மஞ்சள். படம் எடுக்க ஆசை வரும், ஆனால் வயலுக்குள் இறங்காதீர்கள். சப்பாத்தில் ஒட்டிப் போகிற களை விதையும் நோயும் விவசாயிக்கு நட்டம். வேலி ஓரத்தில் நின்று எடுத்தாலே போதும்.

எதிரே வருகிற ஒவ்வொரு வாகனக்காரரும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். முதல் ஆள் தூக்கியபோது ஏதோ திட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். அது வணக்கம். கை முழுக்க ஆட்டினால் நகரத்தான் என்று பிடிபடும். பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள்: வொரக்னபீல் போய்ச் சேர முன் இருபத்தொன்று. ஐபாட் அன்றைக்கு முழுக்கப் பைக்குள்ளேயே கிடந்தது.

வொரக்னபீலுக்கு வடக்கே இருக்கிற சின்ன ஊர் பிரிம். அங்கே தானியம் சேர்த்து வைக்கிற பழைய கொங்கிறீற் குதிர்கள், 1939இல் கட்டியவை, பிறகு பயன்பாட்டில் இல்லாமல் நின்றன. கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் அதில் நாலு விவசாயிகளின் உருவத்தை வரைந்து 2016 தொடக்கத்தில் முடித்தார். பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதைக் கண்டு பட்சவொலக், ஷீப் ஹில்ஸ், ரூபன்யப், லசெல்ஸ், ரோஸ்பெரி என்று அடுத்தடுத்த ஊர்களின் குதிர்களிலும் ஓவியம் வந்தது. மொத்தம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் நீளப் பாதை. பிரிமில் வரைந்திருக்கிற நாலு பேருக்கும் பெயர் இல்லை, முகம் சாம்பல் நிறத்தில் பாதி கரைந்து நிற்கும். வறட்சிக்கும் கடனுக்கும் பிள்ளைகள் நகரத்துக்குப் போனதுக்கும் பிறகு மிஞ்சின முகம். என்னுடைய மனைவி நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கட தாத்தா தோட்டத்தில நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவளின் தாத்தா புன்னாலைக்கட்டுவனில் வெங்காயம் போட்டவர்.

அன்று மதியம் பசி. இந்த ஊர்களில் பப் சமையலறை பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பூட்டினால் ஆறு மணிக்குத்தான் திறக்கும், இதை மனதில் வையுங்கள். நாங்கள் ஒரு பப்புக்குள் நுழைந்தபோது இரண்டே கால், கிராண்ட் ஃபைனல் தொடங்கப் போகிறது, ஊர் முழுக்க உள்ளே. கதவைத் திறந்ததும் ஒரு கணம் சத்தம் குறைந்தது போல எனக்குப் பட்டது. உண்மையில் குறைந்ததா, என் காதுதான் அப்படிக் கேட்டதா, தெரியாது. ஒரு அம்மா எழும்பி மேசை இரண்டை இழுத்துச் சேர்த்தார். சமையலறை பூட்டிவிட்டது, ஆனால் பின்பக்கம் ஸோஸேஜ் சுடுகிறார்கள் என்றார். எங்களுக்குள் மூன்று பேர் சைவம். பாண், வதக்கின வெங்காயம், ரொமாற்றோ சோஸ், மிச்சம் காரில் இருந்த மரக்கறி ரோல்ஸ். பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கும் ரோல்ஸ் போனது. ஒருத்தன் உறைப்பில் கண் கலங்கி இன்னொன்று கேட்டான்.

ஞாயிறு முர்ட்டோவா. ஸ்டிக் ஷெட் என்ற தானியக் கொட்டகை அங்கே இருக்கு. இரண்டாம் உலகப் போரில் கோதுமை ஏற்றுமதி தடைப்பட்டு ஊரெல்லாம் தானியம் குவிந்துவிட்டது. இரும்புக்கும் தட்டுப்பாடு. அதனால் காட்டில் வெட்டிய மரத்தை அறுக்காமல் அப்படியே நட்டு, நாலு மாதத்தில் 1942இல் கட்டி முடித்தார்கள். 270 மீற்றர் நீளம், 560க்கு மேற்பட்ட மரத் தூண்கள். உள்ளே போனதும் பிள்ளைகள் தாங்களாகவே குரலைத் தாழ்த்தினார்கள். நண்பனின் ஏழு வயது மகள் செருப்பைக் கழற்றப் போனாள். கோயில் என்று நினைத்துவிட்டாள். எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், ஓவியங்களை விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு ரூபன்யப். குதிருக்குக் கீழே பிள்ளைகளோடு நிற்கும்போது பழைய யூட் ஒன்றில் ஒரு வயதானவர் வந்து நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். மெல்பேர்ண் என்றேன். "இல்லை, அதற்கு முதல்?" என்றார். அந்தக் கேள்வி உங்களுக்கும் தெரியும். என் மனைவியின் முகம் மாறியதைக் கண்டேன். இலங்கை என்றான் நண்பன். கிழவர் வேலி ஓரம் போய், தானாக முளைத்து நின்ற ஒரு சின்னச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மகளின் கையில் வைத்தார். மெல்லிய இலை, வெள்ளைப் பூ, நகம் அளவு காய். "உங்கட ஊர் ஆக்கள்தான் இதச் சாப்பிடுறது" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்.

மைசூர்ப் பருப்பு. எங்கட அம்மா கிழமைக்கு மூன்று நாள் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற அதே பருப்பு. 1990களில் இருந்து விம்மராவில் இதைப் பெரிய அளவில் பயிரிடுகிறார்கள், புது ரகங்களை உருவாக்குகிற ஆராய்ச்சியும் ஹோர்ஷமில்தான் நடக்கிறது. இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் இந்தியாவுக்கும் கப்பலில் போகிறது. 2017 டிசம்பரில் இந்தியா கடலைக்கும் இந்தப் பருப்புக்கும் 30 வீத இறக்குமதி வரி போட்டபோது இங்கே விலை விழுந்த கதையைக் கிழவர் சொன்னார். டெல்லியில் எடுத்த முடிவு, ரூபன்யப்பில் ஒரு வீட்டின் வரவு செலவு. அம்மா டண்டினோங் கடையில் ஐந்து கிலோப் பையாக வாங்குவா. அது எங்கே விளைந்தது என்று எங்களில் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

காருக்குத் திரும்பினதும் வாக்குவாதம். "அவர் அன்பாத்தான் கேட்டவர்" என்றாள் டொக்டர். "அன்பாக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். உன்ர மகளிட்ட ஒவ்வொரு கிழமையும் கேப்பினம்" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் சரி என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டினேன்.

இரவு பிள்ளைகள் படுத்த பிறகு உண்மையான பேச்சு வந்தது. கணக்காளர் நண்பன் பிலோயிலாவை எடுத்தான். குயின்ஸ்லாந்துச் சிற்றூர். 2018 மார்ச்சில் அங்கிருந்த தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையில் கொண்டுபோனபோது, அந்த ஊர்ச் சனம் நாலு வருடம் விடாமல் நின்று 2022 ஜூனில் திருப்பி எடுத்தது. "நாட்டுப்புறம் எண்டா இனவாதம் எண்டு சொல்லுற ஆக்களுக்கு அதுதான் பதில்" என்றான். ஹோர்ஷமுக்கு மேற்கே நில் என்ற ஊரையும் சொன்னான். 2010இலிருந்து பர்மாவின் கரென் அகதிகள் அங்கே குடியேறி வாத்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். அவர்களால் அந்தப் பகுதிப் பொருளாதாரத்துக்கு 41.5 மில்லியன் டொலர் வந்தது என்று 2015இல் ஒரு அறிக்கையே வந்தது.

நண்பன் நிறைய நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "கரென்காரர் இருநூறு பேர் மச்சான். ஒருத்தரோட ஒருத்தர் தங்கட மொழியில கதைக்கலாம். நாங்க ஒரு வீடு. எங்கட சனம் எனக்கு என்ன செய்யும் எண்டது இல்ல பிரச்சினை. என்ர பிள்ளை யாரோட தமிழ் கதைக்கும்?"

மெல்பேர்ணில் மட்டும் யாரோடு கதைக்கிறார்கள் என்று டொக்டர் கேட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இடைவேளைக்கு மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலம்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் அம்மா, அப்பா, பெரியம்மா என்று வீட்டைச் சுற்றிப் பெரிய ஆட்கள் இருந்தார்கள். அவன் பிள்ளைகளுக்கு அம்மம்மா இருபது நிமிடத் தூரம். ஹோர்ஷம் போனால் மூன்றரை மணித்தியாலம். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றினோம்.

அதற்கு முன் அன்று பின்னேரம் ஷீப் ஹில்ஸில் நின்றதைச் சொல்ல வேண்டும். அட்னேட் என்ற ஓவியர் அங்கே பூர்வகுடி மூத்தவர்கள் இருவரையும் பிள்ளைகள் இருவரையும் நட்சத்திர வானத்தோடு வரைந்திருக்கிறார். இது வொட்ஜபலுக் மக்களின் நிலம். 2005 டிசம்பரில் விக்ரோரியாவில் முதன்முதலாகப் பூர்வீக நில உரிமை அங்கீகரிக்கப்பட்டது இவர்களுக்குத்தான். மொழி கைவிட்டுப் போனதை இந்தத் தலைமுறை தேடித் தேடி எடுக்கிறது என்று டொக்டர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு நின்றாள். நண்பன் கேட்டுக்கொண்டு நின்றான். இரவில் அவன் கேட்ட கேள்வி அங்கேயே தொடங்கியிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். பெற்றோல் பாதியாகும்போதே நிரப்புங்கள். பல இடத்தில் போன் சிக்னல் இல்லை, வரைபடத்தை முதலே இறக்கி வையுங்கள் (அந்தக் கிழமை எனக்கு ஒன்-கோல் முறை, நண்பர் ஒருவருக்கு மாற்றிக்கொடுத்தது புண்ணியம்). பொழுது படுகிற நேரம் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும், அதற்கு முன் தங்குமிடம் போய்ச் சேருங்கள். கோடையில் வெயில் நாற்பதைத் தாண்டும், ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை நல்ல காலம். ஒரு நாளைக்கு நாலு ஊருக்கு மேல் வேண்டாம்.

நண்பன் குடும்பம் ஜனவரியில் ஹோர்ஷம் போனது. ஒரு வருடம் என்று கையெழுத்து, இரண்டு இல்லை, அது அவனுக்கும் அவளுக்கும் இடையில் நடந்த சமரசம். அம்மம்மா மாதத்தில் பத்து நாள் ரயிலும் பஸ்ஸுமாக அங்கே போய் நிற்கிறா. வந்த முதல் கிழமையே பக்கத்து வீட்டுக்காரி முட்டை கொண்டுவந்து தந்ததாம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் மகளின் பெயரைக் கேலி செய்ததும் அதே கிழமைதானாம். போனில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். நவம்பர் கடைசியில் பருப்பு அறுவடை, வாங்கோ என்கிறான். ரோல்ஸ் கொண்டுவரட்டாம், ஐம்பது.