கல் நம்முடையது, கற்பவர் யார்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம். இடிந்த கோட்டைக்குள்ளே டச்சுக்காரர் கல்லறைகள். கல்லிலே டச்சு எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்த நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?

கும்பினியார் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தனர். ஓலையிலே தமிழில் எழுதித் தந்தவர்கள் நம் ஊர்க் கணக்கர்கள். ஆனால் அந்தச் சீமையின் வரலாற்றை 1994இல் நூலாக்கியவர் யார்? அமெரிக்கப் பேராசிரியர் யூஜின் இர்ஷிக்! சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர்களுள் முன்நின்றவர் யார்? ஜப்பானியர் நொபொரு கராஷிமா! இருவருக்கும் நன்றி சொல்வோம். நம்மவர்க்கு அறிவா இல்லை? இல்லை தோழர்களே, ஆதரவு இல்லை!

சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அதன் அடியிலே சீன எழுத்து. அதை ஆராய இரு மொழியும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு முதல் 42,000. நல்ல தொகைதான். ஆனால் எல்லாம் சேர்ந்து ஐந்தாண்டு; மொழி கற்க ஈராண்டு போனால் ஆய்வுக்கு மூன்றே ஆண்டு! தேசியத் தேர்வில் அந்த உதவித்தொகைக்குத் தேறாத கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்?

டச்சும் சீனமும் கற்க நம் ஆய்வு மாணவர்க்குத் தனி உதவித்தொகை வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சு ஏடுகள் காத்திருக்கின்றன. ஏடு காத்திருக்கும், ஏழை மாணவனின் இளமை காத்திருக்குமா?