தீபாவளி வரை தாங்கும் ஓ.டி. கணக்கு

கணக்கில் இருப்பு தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை பணம் எடுக்க வங்கி விடுவதுதான் ஓவர்டிராஃப்ட், சுருக்கமாக ஓ.டி. தொழிலுக்கான சரக்கை ஈடுகாட்டி வாங்கினால் அதற்கு சி.சி. என்று பெயர். ஆமத்தூர், சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழிலின் இயல்புக்கு இது பொருந்தி வரும். உற்பத்தி ஆண்டின் பெரும்பகுதி நடக்கிறது. விற்பனையோ தீபாவளியை ஒட்டித்தான். இடையில் கூலியும் காகிதம், கந்தகம், அலுமினியப் பொடி வாங்கும் செலவும் காத்திருக்காது.

வட்டி, எடுத்த தொகைக்கும் அது வெளியே இருந்த நாட்களுக்கும் மட்டுமே. 20 லட்ச ரூபாய் லிமிட்டில் 8 லட்சத்தை 10 நாள் பயன்படுத்தினால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஏறக்குறைய 2,192 ரூபாய் ஆகும். வசூலான பணத்தை அன்றே கணக்கில் கட்டிவிடுபவருக்கு வட்டி குறைகிறது.

லிமிட் முழுவதையும் எப்போதும் எடுத்துவிட முடியாது. சி.சி. கணக்கில் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். இருப்புச் சரக்கு 40 லட்சம், அதில் கடனுக்கு வாங்கியது 8 லட்சம் என்றால் கணக்கில் சேர்வது 32 லட்சம். 25 சதவீத மார்ஜின் கழித்தால் 24 லட்சம். இதுவே டிராயிங் பவர். லிமிட் 30 லட்சமாக இருந்தாலும் அந்த மாதம் 24 லட்சத்துக்கு மேல் எடுக்க வழியில்லை.

பருவத் தொழிலுக்கு உண்மையான கண்ணி 90 நாள் விதி. நிலுவை லிமிட்டையோ டிராயிங் பவரையோ தாண்டியே தொடர்ந்து 90 நாள் இருந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். லிமிட்டுக்குள்ளேயே இருந்தாலும், 90 நாள் வரவே இல்லை அல்லது வந்த பணம் அந்தக் காலத்து வட்டிக்கும் போதவில்லை என்றால் அதே கதிதான். பட்டாசு விற்கும் வரை வங்கி பொறுக்கும் என்று நம்பியிருப்பது ஆபத்து; ஏஜென்ட் தரும் முன்பணத்தையாவது கணக்கு வழியாகவே வரவு வைப்பது நல்லது.

தவறுகளுக்கு அபராதம் உண்டு. ஆனால் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் போட்ட உத்தரவுப்படி, அதை வட்டி விகிதத்தோடு கூட்டக் கூடாது, அபராதத்தின் மேல் வட்டியும் போடக் கூடாது.

கூலித் தொழிலாளிக்கும் ஒரு சிறிய ஓ.டி. இருக்கிறது. ஒழுங்காக நடத்தப்படும் ஜன்தன் கணக்கில் தகுதியுள்ளவர் 10,000 ரூபாய் வரை பெறலாம். சாதாரண சேமிப்புக் கணக்கில், முன்னேற்பாடு இல்லாவிட்டால், பணம் போதாத காசோலை திரும்பிவிடும். அதற்குக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். அமெரிக்க வங்கிகள் பலவற்றில் வேறு வழக்கம்: பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவைக்கும் 35 டாலர் வரைகூட வசூலித்து வந்தன. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது இங்கே 2015 ஏப்ரல் முதல் விதி.

பிடித்தம் தவறாகத் தெரிந்தால் முதலில் வங்கிக் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.